பெட்டியில் 7200 டிபிஐ என்று போட்டிருக்கிறது, நம்பி பிலிம் ஸ்கேனர் வாங்கலாமா?

அந்த எண்ணை, அதாவது ஒரு அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளி எடுக்கும் என்கிற கணக்கை, மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 38,000 ரூபாய்.

கேள்வியைப் பார்த்ததும் உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும் என்று தோன்றியது. அப்பாவோ தாத்தாவோ எடுத்த நெகட்டிவ், ஓரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருக்கும், முழுசாகப் போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்கிற பதற்றம். எனக்கும் அதேதான்.

என் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் போன பிறகு எனக்கு வந்தது மூன்று பெட்டி நெகட்டிவ். 120 என்கிற பெரிய சைஸ் ரோல்கள் ஊட்டியில் செய்த “இந்து” பிராண்ட் பிலிம். 35 எம்எம் பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ. எல்லாம் கருப்பு வெள்ளை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு. அந்த 35 எம்எம் சுருள்களுக்காகத்தான் ஸ்கேனர் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இன்னொரு கம்பெனி பெட்டியிலும் இதே எண்தான் இருக்கும்.

ஒரே ஒரு பிரேமைச் சொல்கிறேன். கல்யாண வீட்டு முதல் பந்தி. இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் வாழைமரத்தில் மைக் செட்காரர் தன் தகரப் பலகையைக் கட்டியிருக்கிறார். அப்பாவின் எட்டு மடங்கு லூப்பை (கண்ணருகே வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வைத்து, லைட் பாக்ஸ் மேல் நெகட்டிவைப் பார்த்தால் பலகையின் கீழ் வரி தெரிகிறது: “ரேடியோஸ், சாத்தூர்”. தலைகீழ் நிறத்தில் பொடியாக இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. அதே பிரேமை 7200-ல் ஸ்கேன் செய்தேன். ஆறு நிமிடம் ஓடியது. அகலம் 10,200 பிக்சல், உயரம் 6,800, 69 மெகாபிக்சல். பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தால் “சாத்தூர்” இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை. லூப்பில் என் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவு பெரிய கோப்பில் இல்லை.

(அந்தப் படத்தை எடுத்த அன்று அப்பா எத்தனை மணிக்குச் சாப்பிட்டாரோ தெரியாது. முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை படம் எடுப்பார், பிறகு சமையல்காரர்களோடு உட்கார்ந்து ஆறிப்போன சாம்பார். சில வீடுகளில் “போட்டோக்காரர் சாப்பிட்டாரா” என்று கேட்க ஒரு ஆள் இருக்காது. ஆல்பத்துக்குப் பாக்கிப் பணம் கேட்டுப் போனால் மட்டும் உட்காரச் சொல்லி காபி வரும், பணம் வராது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பிரேமைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது, அதனால் எழுதினேன்.)

உடனே சிலர் சொல்வார்கள், நீ போக்கஸ் சரியாக வைக்கவில்லை என்று. ஹோல்டருக்கு அடியில் காகிதத் துண்டு செருகி உயரத்தை மாற்றி மாற்றி எட்டு முறை எடுத்தேன். பிலிம் வளைந்திருக்கும் என்பார்கள். அதற்காகவே 1951-ல் அமெரிக்க விமானப்படை வகுத்த சோதனைச் சார்ட்டைக் கண்ணாடியில் பதித்தது ஒன்று வாங்கினேன். கண்ணாடி வளையாது. அதில் போகப் போக நெருக்கமாகிற கோடுகள் இருக்கும். எதுவரை கோடு கோடாகப் பிரிந்து தெரிகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் ஸ்கேனரில் மில்லிமீட்டருக்கு 40 ஜோடி (ஒரு கோடும் பக்கத்து இடைவெளியும் சேர்ந்தால் ஒரு ஜோடி) வரை பிரிந்தது, அதற்கு மேல் கலங்கிவிட்டது. 40-ஐ இரண்டால் பெருக்கி, அங்குலத்துக்கு 25.4-ஆல் பெருக்குங்கள்: 2,032. 7200 என்று போட்ட இயந்திரம் உண்மையில் தந்தது சுமார் 2,000. 35 எம்எம் பிரேமுக்கு அது 5 மெகாபிக்சல் சொச்சம்.

(புள்ளிக் கணக்கான டிபிஐ அல்ல, பிக்சல் கணக்கான பிபிஐ என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும். பெட்டியில் டிபிஐ என்றுதான் அச்சிட்டிருக்கிறது.)

கம்பெனி பச்சைப் பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. மோட்டார் அங்குலத்துக்கு 7,200 அடி எடுத்து வைக்கிறது, ஒவ்வொரு அடியிலும் சென்சார் ஒரு அளவு எடுக்கிறது. எண்ணிக்கை சரிதான். ஆனால் நடுவில் இருக்கும் லென்ஸ் அவ்வளவு நுணுக்கத்தைத் தருவதில்லை. பனி படிந்த கண்ணாடி வழியாக ஒரு எழுத்தை நூறு தடவை பார்த்தாலும் எழுத்து தெளியாதே. பிலிம் ஸ்கேனரின் பிரிதிறனை எப்படி அளக்க வேண்டும் என்று 2004-லேயே ஐஎஸ்ஓ 16067-2 என்று தரநிலை வந்துவிட்டது. அதன்படி அளந்த எண்ணை என் பெட்டியில் எங்கும் காணோம்.

டிமேக்ஸ் 4.8 என்று ஒரு எண்ணும் போட்டிருந்தார்கள், பிலிமில் எவ்வளவு அடர்ந்த கருப்பு வரை ஸ்கேனர் பிரித்தறியும் என்பதற்கான அளவு அது. 16 பிட் என்றால் 65,536 படிகள், அதன் லாகரிதம் 4.8. அளந்து பார்க்காமல் கணக்குப் போட்டே எழுதிவிடலாம். கருப்பு வெள்ளை நெகட்டிவில் அடர்த்தி 3-ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் இதற்காக நான் சண்டை போடவில்லை.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது தூசி நீக்கும் வசதியைப் பார்த்துத்தான். “தூசியும் கீறலும் தானாக மறையும்” என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக இருந்தது. அகச்சிவப்புக் கதிர் கலர் பிலிமின் சாயத்தை ஊடுருவிப் போகும், தூசியில் தடைபடும்; தடைபட்ட இடத்தை மென்பொருள் நிரப்பிவிடும். ஆனால் கருப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அதுவும் கதிரைத் தடுக்கும். மென்பொருள் படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்கிறது. விவரம் தெரியாமல் முதல் நாள் ராத்திரி அதைப் போட்டு நாற்பது பிரேம் ஓட்டினேன். காலையில் பார்த்தால் மணப்பெண் தலையில் மல்லிகைச் சரம் பூப்பூவாக இல்லாமல் மாவு பிசைந்த மாதிரி ஒட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வேட்டியில் ஒரு மடிப்பு இல்லை. நெகட்டிவில் வெள்ளி அதிகம் சேர்வது வெள்ளைப் பொருட்களில்தானே. கையேட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் “கருப்பு வெள்ளைக்குப் பொருந்தாது” என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப 2,000 போதாதா என்று கேட்டால், போதும். தாராளமாகப் போதும். அப்படியானால் 2,000 என்றே பெட்டியில் போடட்டும். நானும் அதற்குத் தகுந்த விலை கொடுத்திருப்பேன்.

எல்லா ஸ்கேனரும் இப்படியில்லை. நண்பர் ஒருவரிடம் பழைய நிக்கான் கூல்ஸ்கேன் 5000 இருக்கிறது, 4000 டிபிஐ என்று போட்டது. அதே சார்ட்டை வைத்தோம், 71 ஜோடி வரை பிரிந்தது. கிட்டத்தட்ட 3,600. அப்பாவின் பிரேமையும் அதில் போட்டேன். “ரேடியோஸ், சாத்தூர்” படிக்க முடிந்தது. நிக்கான் அதைச் செய்வதை நிறுத்திவிட்டது, பழையதாகத்தான் தேட வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் நெகட்டிவ் ஒன்றை, லூப்பில் பொடி எழுத்து தெரிகிற மாதிரி ஒன்றாகப் பார்த்து, கையோடு கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். மதுரைப் பக்கம் என்றால் சொல்லுங்கள், சார்ட்டும் லூப்பும் என்னிடம் இருக்கின்றன, நானே கூட வருகிறேன்.