ஒன்பதாம் மாதத்து ஊசி எதற்காக?

மருத்துவம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2013இல் பிறந்த என் மூத்த மகளுக்கு ஒரு வயது நிறைந்த பின்னரே சின்னமுத்து (தட்டம்மை) ஊசி போடப்பட்டது. கைக்குழந்தையான இளையவனுக்கு ஒன்பது மாதத்திலேயே போட வேண்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்கின்றார். நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஊசி பெற்றிருக்கும்போது இந்த அவசரம் ஏன்? என் மாமியாரோ, அது அம்மாள் வருத்தம், தானாகவே இறங்கிப் போய்விடும் என்கின்றார்.
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இலங்கையில் இந்த ஊசி 1984இல் அறிமுகமானபோதும் ஒன்பதாம் மாதத்திலேதான் போடப்பட்டது. 1999, 2000 ஆண்டுகளில் நோய் பெருமளவில் பரவியதால், ஒரு தடவை போட்டால் போதாது என்பது தெளிவாகி, 2001இல் மூன்று வயதுக்குரிய இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடலில் எஞ்சியிருக்கும்வரை ஊசி முழுமையாக வேலை செய்யாது. ஒரு வயதில் போட்டால் பலன் கூடும். 2011இல் கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக்கியபோது முதல் ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளினார்கள். ஆனால் 2013இல் தொடங்கிய பரவல், ஊசிக்குரிய வயதை இன்னும் எட்டாத குழந்தைகளையே கூடுதலாகத் தாக்கியது. அதனால் 2015இல் முதல் ஊசி மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கு வந்தது.

பல ஆண்டுகளாகவே நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் முதல் ஊசியைப் பெற்று வருகின்றனர். பெருமைப்பட வேண்டிய நிலைதான். என்றாலும் ஆண்டுக்கு மூன்று இலட்சம் பிள்ளைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒருவர் விடுபட்டாலே ஐந்தாண்டுகளில் பதினையாயிரம் பேர் சேர்ந்துவிடுவர். ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெற்ற நூறு பேரிலும் பதினைந்து பேரளவில் எதிர்ப்புச் சக்தி உருவாகாமல் இருக்கக்கூடும். இவர்கள் நாடெங்கும் சீராகப் பரந்திருப்பதில்லை, சில ஊர்களிலும் சில தெருக்களிலும் திரண்டிருப்பார்கள். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நம்மை அறிவித்திருந்தும், 2023இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடத் தெரிவான பகுதிகளுள் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்முனையும் ஒன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

உங்கள் மாமியாரின் நம்பிக்கையைப் புண்படுத்த வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை கட்டுவதாலோ நேர்த்தி வைப்பதாலோ பிள்ளைக்குத் தீங்கு வராது. ஆனால் இந்நோய் எல்லோருக்கும் தானாக இறங்கிவிடுவதில்லை. சிலருக்கு நியூமோனியாவாகவும் மூளை அழற்சியாகவும் முற்றும்; விற்றமின் ஏ குறைந்த பிள்ளைகளின் பார்வையையும் பறிக்கும். 2004 சுனாமிக்குப் பின் நம் கரையோரத்து மக்கள் முகாம்களில் நெருங்கி வாழ்ந்த நாட்களை அவர் மறந்திருக்க மாட்டார். இருமலாலும் மூச்சாலும் தொற்றும் சின்னமுத்து அங்கே பெருந்தொற்றாக மாறவில்லை என்றால், அதற்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளைகள் பெற்றிருந்த ஊசியே முக்கிய காரணம் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இளையவனைக் குறித்த நாளிலேயே கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். சிறு தடிமன் இருந்தாலும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுங்காய்ச்சல் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். மூத்தவளின் சுகாதாரப் பதிவேட்டையும் கையோடு எடுத்துச் சென்று, மூன்று வயதில் போட வேண்டிய ஊசி பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால் இப்போதும் போட்டுக்கொள்ளலாம்.