ஹோஸ்டிங் தளத்திலிருந்து ஆபீஸ் மைஎஸ்கியூஎல்: டைம்அவுட்டுக்குப் பதில்

கனெக்‌ஷனில் ஆபீஸ் சர்வரின் ஐபி 192.168.1.20 கொடுத்தால், ஹோஸ்டிங்கில் ஓடும் வெப்சைட் ஆபீஸில் உள்ள மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை எட்டாமல் டைம்அவுட் (பதில் வராமல் நேரம் முடிதல்) ஆகிறது என்கிறீர்கள். வரத்தான் செய்யும் சார். அது உங்கள் ஆபீஸ் ரவுட்டருக்குள் மட்டும் செல்லும் முகவரி.

ரவுட்டரில் மைஎஸ்கியூஎல் போர்ட்டான 3306-ஐ ஃபார்வர்டு செய்யச் (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடச்) சொல்லிச் சிலர் வருவார்கள். வேண்டாம், பாஸ்வேர்டு ஊகிக்கும் பாட்கள் (தானியங்கி புரோகிராம்கள்) வந்து தட்ட ஆரம்பித்துவிடும். தவிர, ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் அனேகமாக சிஜிநாட்தான், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து தருகிறது. ஃபார்வர்டு செய்தும் பலனில்லை.

ஹோஸ்டிங் விபிஎஸ் (உங்களுக்கென்று தனி விர்ச்சுவல் சர்வர்) என்றால் வயர்கார்டு (இரு பக்கத்தையும் இணைக்கும் விபிஎன் டனல்) போடுங்கள். ஆபீஸ் பக்கமிருந்தே இணைப்பு தொடங்கட்டும், இணைப்பு அறாமல் காக்கும் கீப்அலைவ் 25 நொடி. வெப்சைட்டுக்கென்று தனி மைஎஸ்கியூஎல் யூசர், டனல் ஐபிக்கு மட்டும் அனுமதி. முழு அதிகாரமுள்ள ரூட் யூசர் வேண்டவே வேண்டாம்.

பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் இது நடக்காது. தேவையான டேபிள்களை மட்டும் ஆபீஸிலிருந்து கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வைத்து ஹோஸ்டிங் டேட்டாபேஸுக்கு அனுப்புங்கள். ஆபீஸில் கரண்ட் போனாலும் சைட் ஓடும்.