ராம்ப்புக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்: லோபெட் கேள்வி பதில்

கேள்வி: பொக்லைன் ஏற்றும் லோபெட் (தாழ்தள டிரெய்லர்) வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக வலது பக்க ராம்ப்பை (வண்டி ஏறும் சாய்வுப் பலகையை) இறக்கினால் பாதிக்கு மேல் நிற்காமல் தொப்பென்று விழுகிறது. கிளீனர் பையன் பைப்பை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கிறான். சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா? (சங்ககிரி வாசகர்)

வேண்டாம். இன்றைக்கே வண்டியை ஓரங்கட்டுங்கள். ஸ்பிரிங் வைத்த ராம்ப்பில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது ஸ்பிரிங்தான். அது உடைந்தாலோ தளர்ந்தாலோ மிச்ச பாரம் அப்படியே ஆள் கைக்கு வந்துவிடும். இடது பக்கம் ஒழுங்காக இறங்கி வலது மட்டும் விழுகிறது என்றால் ஸ்பிரிங் போயிருக்கலாம், கீல் பின் தேய்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் ராம்ப் என்றால் சிலிண்டர் சீல் கசியலாம். எதுவாக இருந்தாலும் பைப் முட்டு அதற்கு வைத்தியம் இல்லை. வழுக்கிக்கொண்டு பறக்கும் பைப் ராம்ப்பை விட மோசம்.

பார்க்கும் முறை இதுதான். வண்டி சமதளத்தில், பாரம் இல்லாமல், சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை போட்டு நிற்க வேண்டும். ராம்ப் தூக்கிய நிலையில் இருந்தால் லாக் பின்னை மட்டும் நம்பாமல் நல்ல சங்கிலியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு அப்புறம்தான் கிட்டே போக வேண்டும். கீல் பின்னில் அது கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, கட்டுக்கம்பியைச் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்து அதிலிருந்து துரு கோடாக இறங்கியிருந்தால் அங்கே விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே இன்னொரு பற்று வைத்து மூடாதீர்கள், தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவதை பாடி கட்டிய பட்டறையிடமே விடுங்கள்; எந்த நிலையில் அதன் இழுப்பு தளரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு தேடும்போது விரலால் தடவவே கூடாது. ஊசி முனைத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் நேரம் தள்ளினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். மீறிப் பட்டுவிட்டால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் “ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது” என்று சொல்லியே காட்ட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பொக்லைன் ராம்ப்பில் ஏறும்போது டிரெய்லரின் பின்புறம் அமுங்கி, முன்னால் இழுக்கும் லாரியின் பின்சக்கரங்களில் பாரம் குறைந்துவிடும். ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பது அந்தச் சக்கரங்களைத்தான், அதனால் சரிவில் வண்டி தானாக நழுவக்கூடும். பின்னால் முட்டுக் கால் அல்லது தடித்த மரக்கட்டை கொடுக்காமல் ஏற்றாதீர்கள். லாக் பின்னைத் தட்டும்போதும் ராம்ப் இறங்கும்போதும் எல்லாரும் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் மட்டும் தீய்ந்த வாசனை. லைனர் (பிரேக் ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) புதிதாக மாற்றியும் போகவில்லை. (தர்மபுரி வாசகர்)

எல்லாரும் சூடான சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பயம் சூடே ஏறாத சக்கரத்தின் மேல்தான். இறக்கம் முடிந்து நிறுத்திய பிறகு ஒவ்வொரு பிரேக் டிரம்மிலும் தொடாமலே சூட்டைக் காட்டும் வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள் (கையை வைத்துவிடாதீர்கள்). எது குளிர்ந்தே இருக்கிறதோ அது பிரேக் பிடிக்கவே இல்லை, அதன் வேலையையும் சேர்த்துச் செய்துதான் மற்றது தீய்கிறது.

அடுத்து புஷ் ராட் (பிரேக் சேம்பர் என்ற காற்று டப்பாவிலிருந்து வெளியே வந்து பிரேக்கை இயக்கும் கம்பி) எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க வேண்டும். கட்டை போட்டு, காற்றை நிரப்பி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சேம்பரை ஒட்டி ராடில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் உள்ளே 6 முதல் 7 பார் அழுத்தத்தில் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, நீங்கள் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். சாதாரண 30-ம் நம்பர் சேம்பரில் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டராக இருந்தால் ஸ்பேனரைப் போட்டு அடிக்கடி இறுக்குவதில் பலன் இல்லை, இரண்டே நாளில் திரும்பவும் தளரும். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), எஸ்-கேம் (பிரேக் ஷூவை விரிக்கும் தண்டு), அல்லது அட்ஜஸ்டரே போயிருக்கும்.

காற்று இறங்குகிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் தேர்வில், டிரெய்லர் கோத்த வண்டியில் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் நிமிடத்துக்கு 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், கால் பாருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் கணக்கை நாமும் வைத்துக்கொள்ளலாம். ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள். மற்றபடி நியூட்ரலில் இறங்கும் டிரைவரை வைத்துக்கொண்டு எந்த லைனரை மாற்றியும் புண்ணியமில்லை.

கேள்வி: ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கால் பார்க்கிங் பிரேக் பிடிக்கும் டப்பாவில்) காற்று கசிகிறது. பட்டறையில் திறந்து டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு) மாற்றித் தருகிறேன் என்கிறார்கள், சரியா? (திருச்செங்கோடு வாசகர்)

எந்தப் பக்கம் கசிகிறது என்பதைப் பொறுத்தது. சர்வீஸ் பக்கம் (பிரேக்கை மிதிக்கும்போது வேலை செய்யும் பக்கம்) என்றால், தெரிந்த ஆள், கேஜிங் போல்ட்டை முழுசாக இறுக்கி ஸ்பிரிங்கை அடக்கிய பிறகு, மாற்றலாம். போல்ட் இறுகியதும் அந்தச் சக்கரத்தில் பார்க்கிங் பிரேக் கிடையாது, கட்டை அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் பக்கத்து மூடியை யார் சொன்னாலும் திறக்க விடாதீர்கள், உள்ளே அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே வரும். அந்தப் பக்கம் கசிந்தால் முழு சேம்பரையும் மாற்றுங்கள். கழற்றியதைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே போடாதீர்கள், கேஸ் கட்டரில் வெட்டுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஸ்பிரிங்கைச் செயலிழக்கச் செய்யும் வசதி உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.