தண்ணீர்விட்டான் பற்றிக் கேளுங்கள் (செடியைப் பற்றி மட்டும்)

கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேலியோரம் பதினைந்து வருடமாகத் தண்ணீர்விட்டான் கொடி வைத்திருக்கிறேன். செடி, வேர், பூ, விதை, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். சூரணம், லேகியம், எத்தனை கிராம் என்பதெல்லாம் சித்த மருத்துவரிடம்.

நாட்டுமருந்துக் கடையில் பச்சைக் கிழங்கு வாங்கி மூன்று தொட்டியில் நட்டேன். இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லை, தோண்டிப் பார்த்தால் அழுகிக் கிடக்கிறது. ஏன்?

கிழங்கு என்று சொல்லிச் சொல்லியே நாம் கெட்டோம். உருளைக்கிழங்கு ஒரு தண்டு, அதில் கண் இருக்கும், கண்ணிலிருந்து முளை வரும். இதுவோ நீர் சேர்த்து விரல் பருமனுக்கு உப்பிய வேர். சதமூலி என்று இன்னொரு பெயர் இருக்கிறதே, நூறு வேர், அதுதான் சரியான பெயர். கொத்தாகத் தொங்கும் இந்த வேர்களில் ஒரு மொட்டுகூடக் கிடையாது. மொட்டெல்லாம் மேலே, வேர்கள் ஒன்றுசேரும் தலைக்கட்டில் இருக்கின்றன. கோடையில் கொடி காய்ந்து செத்த மாதிரி கிடந்தாலும் மழை விழுந்ததும் அங்கிருந்துதான் தளிர் கிளம்பும். கடைக்கு வருவது தலையை நறுக்கிய வேர், அது எப்படி முளைக்கும்? தலைக்கட்டைப் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் மொட்டும் இரண்டு மூன்று வேரும் இருக்கும்படி நடுங்கள். இல்லையென்றால் விதை போடுங்கள். கறுப்பாக, கெட்டித் தோலோடு இருக்கும், முளைக்க ஒரு மாதம்கூட ஆகலாம், அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

தாய்ப்பால் சுரக்க எவ்வளவு கொடுக்கலாம்?

மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசி ஊசியாக இருக்கிறதே, அது இலையா முள்ளா?

இரண்டும் இல்லை, தண்டு. ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு செடியிடம் போங்கள். ஊசிகள் கொத்தாகக் கிளம்பும் இடத்துக்குக் கீழே காய்ந்த சருகு மாதிரி ஒரு சின்னச் செதில் தெரியும். அதுதான் இந்தச் செடியின் இலை, அவ்வளவுதான் இலை. இலைக்கோணத்திலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் மூலையிலிருந்து, வருவது கிளையாகத்தான் இருக்க முடியும், ஆகவே ஊசி என்பது வளர்ச்சி நின்றுபோன ஒரு குட்டிக்கிளை. இலையின் வேலையைப் பச்சைத் தண்டு பார்க்கிறது. பாடப்புத்தகத்தில் கிளாடோடு என்று படித்திருப்பீர்கள். முள் எங்கிருந்து வந்தது என்றால், பெரிய தண்டுகளில் அந்தச் செதில் இலையின் அடிப்பகுதி நீண்டு கெட்டியாகி முள்ளாகிவிடுகிறது. வேலியில் கையைக் கிழிப்பது இலைதான்.

நான் கொழும்பில் இருக்கிறேன். இங்கே ஹாத்தாவாரிய (சிங்களத்தில் தண்ணீர்விட்டான்) இலைக்கஞ்சி காலையில் குடிப்போம். இலையே இல்லை என்றால் இத்தனை நாள் எதைக் குடித்தோம்?

தண்டுக்கஞ்சி. ருசி மாறாது, கவலைப்படாதீர்கள்.

ஐயா, நான் முதுகலை மாணவி. கிளாடோடு வெறும் தண்டு என்பது பழைய பாடம் இல்லையா? 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தண்ணீர்விட்டானின் பேரினமான ஆஸ்பராகஸின் இனங்களில் பார்த்தபோது, இலையை உருவாக்கும் மரபணுக்கள் கிளாடோடில் வேலை செய்வதைக் காட்டினார்கள். அப்படியானால் அது இலைதானே?

அப்பா, இன்றைக்கு ஒரு நல்ல கேள்வி வந்தது. அந்த ஆய்வு எனக்கும் பிடித்தது. ஆனால் அது சொல்வது என்ன? இலைக்கோணத்துக் கிளை ஒன்று, இலை செய்யும் மரபணுக்களைக் கடன் வாங்கி இலை மாதிரி ஆகியிருக்கிறது என்றுதான். கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டால் ஆள் மாறிவிடுவாரா? உறுப்பை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது அது எங்கே நிற்கிறது என்பதை.

இடம் மட்டும் போதுமா ஐயா? உருவாகும் வழியே இலையுடையதாக இருந்தால் அதைப் பாதி இலை என்றாவது சொல்லலாமே.

பாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'வெறும் தண்டு' என்று நானும் வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன், அந்த 'வெறும்' தப்புதான். இலை என்று மட்டும் எழுதிவிடாதே அம்மா, செதிலை என்ன செய்வாய்?

சர்க்கரை நோய்க்கு எத்தனை ஸ்பூன்?

முதல் பத்தி.

பால்கனியில் தொங்கும் தொட்டியில் இதே மாதிரி ஒன்று, நர்சரியில் ஸ்பிரெங்கேரி என்றார்கள். அதன் கிழங்கும் இதுவும் ஒன்றா?

பேரினம் ஒன்று, இனம் வேறு. அது தென்னாப்பிரிக்காவிலிருந்து அழகுக்காக வந்தது. தொங்கட்டும், தோண்டாதீர்கள்.

ஆண் செடி, பெண் செடி இரண்டும் வேண்டுமா?

சூப்பர் மார்க்கெட்டில் கட்டாக விற்கும் ஆஸ்பராகஸில்தான் ஆண் தனி, பெண் தனி. நம்முடையதில் ஒரே பூவில் ஆறு மகரந்தத்தாள்களும் சூலகமும் சேர்ந்து இருக்கும். பூ சின்னது, வெள்ளை, நல்ல வாசனை. நுனிவளர் மஞ்சரியில் வரும், அதாவது ரெசீம். 1799-இல் ஜெர்மன் தாவரவியலாளர் வில்டினோ இதற்கு ஆஸ்பராகஸ் ரெசிமோசஸ் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

நேபாளத்தில் தளிரைக் கறி சமைத்தார்கள். இதுவேதானா?

இதுவேதான். குரிலோ என்பார்கள். முள் கெட்டியாகுமுன் ஒடிக்க வேண்டும்.

ஊர்ப் புதரில் நிறைய இருக்கிறது. கோடையில் தோண்டி எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், வேண்டாம். அதே புதரில் கண்வலிக்கிழங்கும் படர்ந்திருக்கும். கோடையில் மேலே கொடி இருக்காது, கீழே கிழங்கு மட்டும் கிடக்கும். அதில் கொல்கிசின் இருக்கிறது, ஆளைக் கொல்லும் விஷம். கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கையோடு இருந்தால் அது கண்வலிக்கிழங்கு, ஆனால் உடைந்த துண்டை வைத்து யார் கண்டுபிடிப்பது? பூத்த கொடியைப் பார்க்காமல் எதையும் தோண்டாதீர்கள். காட்டில் என்றால் எப்போதுமே தோண்டாதீர்கள், வேரோடு எடுத்தால் செடி போச்சு.

கிழங்கு நட்டேன், முளைக்கவில்லை.

தலைக்கட்டு. மேலே முதல் பதில்.

நானும் கிழங்குதான் நட்டேன் சார், என்ன உரம் போடலாம்?

தலைக்கட்டு!

காய்ந்த கிழங்கை ராத்திரி முழுக்க ஊறவைத்து நட்டால் என்ன ஆகும்?

ஊறிய கிழங்கு கிடைக்கும்.