பூனை ஏன் தலையணை ஆகிறது?

கேள்வி: எங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் தினமும் ஒரு வரிப்பூனை சுருண்டு தூங்கும். பென்சிலில் ஒவ்வொரு முடியாக வரைந்து பார்த்துவிட்டேன். முடி முளைத்த தலையணை மாதிரிதான் வருகிறது. பாதியில் அது புரண்டும் விடுகிறது. என்ன செய்யலாம்?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: முடியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தூங்கும் பூனையின் எடை முழுக்க மேசையில் இறங்கியிருக்கும். அதைக் காட்டிவிட்டால் ஒரு முடிகூட இல்லாமலே பூனை வந்துவிடும்.

எச்பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து முதுகு வளைவை ஒரே இழுப்பில் போடுங்கள். அப்புறம் வயிறு கல்லைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே உடம்பு அழுந்தித் தட்டையாகப் பரந்திருக்கும். நீங்கள் அதையும் உருண்டையாகப் போட்டிருப்பீர்கள், தலையணை அங்கேதான் பிறக்கிறது. தொடும் விளிம்பில் 4பி பென்சிலால் (எச்பியைவிட மென்மையானது, கருப்பாக விழும்) அழுத்தமாக ஒரு கோடு. படத்திலேயே அதிகக் கருப்பு அதுதான். வெளியே போகப் போக நிழல் வெளுக்கட்டும்.

அடுத்து வரிகள். அவை உடம்பைச் சுற்றி வளைந்து போகும். தொடையில் எங்கே திரும்புகின்றன என்று கவனித்துப் போட்டாலே பாதி உருட்சி கிடைத்துவிடும். முடிக்கீற்று கழுத்து மடிப்பிலும் வெளிவிளிம்பிலும் மட்டும் போதும்.

மூடிய கண்ணைச் சிரிக்கிற வாய் மாதிரிப் போடாதீர்கள். அந்தக் கோடு மூக்குப் பக்கம் சரிந்து இறங்கும். காது நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால் கருத்தடை செய்த பூனை, அப்படியே வரையுங்கள். இங்கே பல பூனைகளுக்கு வால் குட்டையாக, முனை மடங்கி இருக்கும். பழக்கத்தில் நீள வால் போட்டுவிட வேண்டாம்.

மீசைக்கு ஒரு தந்திரம். மை தீர்ந்த பேனாவால் தாளில் முதலிலேயே அழுத்திக் கீறிவிட்டு, மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பள்ளம் வெள்ளையாகவே நிற்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் தாள் நமுத்துப்போகும். சாதாரண ரப்பரால் அழுத்தித் தேய்த்து ஒரு பூனையின் நெற்றியையே பிய்த்திருக்கிறேன். பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுங்கள்.

புரண்டால்? பக்கத்தைத் திருப்பாமல் அதே தாளில், பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அரைமணியில் பழையபடியே சுருண்டுகொள்ளும், நீங்களும் முதல் படத்துக்குத் திரும்பலாம். வீட்டிலேயே மாடல் வேண்டுமென்றால், 2024 செப்டம்பரிலிருந்து உரிமம் எடுத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். ஆனால் அதுவும் புரளத்தான் செய்யும்.