வாசகர் கேள்வி பதில்: வாவிக்கு அடியால வாற தண்ணி

கேள்வி (ஆரையம்பதி வாசகி ஒருவர்): எங்கட வளவு வாவிக்கரையோட முடியுது. கோடையில முகத்துவாரம் மூடிக் கிடக்கும், ஆத்துத் தண்ணியும் வராது, ஆனா கரையோரத்துல மட்டும் பச்சைப்பாசி பாய் விரிச்ச மாதிரி படருது. இறங்கி நிண்டா மணலுக்குள்ள கால் குளிருது. அடியால தண்ணி ஊறுதா? அதை அளக்கலாமா?

பதில்: ஊறுது, உங்கட காலுக்குத் தெரிஞ்சது சரிதான். வெயிலுக்கு ஓரத்துத் தண்ணி சுட்டுக் கிடக்க, நிலத்துக்குக் கீழ இருந்து வாறது அந்தச் சூடு படாம வருது. எங்கட எழுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்குப் பக்கக் கரை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவுல மணல். மாரி மழை அந்த மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல நல்லதண்ணியா நிக்கும், நாம கிணத்துல அள்ளுறதும் அதைத்தான், மிச்சம் கடல் பக்கமும் வாவி பக்கமும் சரிஞ்சு போகும். வாய்க்காலையும் தோணாவையும் (மழைத்தண்ணி வடிஞ்சோடுற ஓடை) மட்டும் பாத்து வாவிக்குள்ள அழுக்கு எவ்வளவு போகுது எண்டு கணக்குப் போட்டா இந்தத் தண்ணி கணக்குலயே வராது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அளக்கிறதுக்கு ஒரு பரல் போதும். டேவிட் லீ எண்டவர் 1977ல எழுதின முறை இண்டைக்கும் பாவனையில இருக்கு. 55 கலன் இரும்புப் பரலை வெட்டி, அடிப்பக்கம் மூடியிருக்கிற துண்டை எடுத்து, வாய் கீழ இருக்கத்தக்கதா மணலுக்குள்ள அமத்தணும், மேல பக்கம் ஓட்டை போட்டு குழாய் செருகி அதுல பொலித்தீன் பை கட்டணும், ஊறுற தண்ணிக்கு வேற வழியில்லாம பைக்குள்ளதான் வரும். ஓட்டை இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் உயத்தி வைங்க, சேத்துக்குள்ள இருந்து வாற வாயு வெளியேறட்டும். பரலை அமத்தி ஒரு நாள் விட்டுட்டுத்தான் பை கட்டணும். முக்கியமா, வெறும் பையைக் கட்டாதீங்க, அது விரியிற விசையில தானே தண்ணியை இழுத்துப்போடும், பிறகு வாற கணக்கெல்லாம் பிழை. முதலே அளந்து ஒரு லீற்றர் ஊத்திட்டுக் கட்டுங்க. ஒரு பரலோட நிக்கவும் கூடாது, கரையோரத்துல கூடவா ஊறும், உள்ளுக்குப் போகப் போகக் குறையும், அதனால கரையில இருந்து வாவிக்குள்ள வரிசையா நாலைஞ்சு வைக்கணும், மாரியில ஒருக்கா கோடையில ஒருக்கா.

பைக்குள்ள வந்த தண்ணி உப்பா எண்டும் பாருங்க. அதுல ஒரு பங்கு வாவித் தண்ணியே மணலுக்குள்ள இறங்கித் திரும்பி வாறது. அதுவும் பாசி வளரத் தேவையான நைதரசன், பொஸ்பேட் மாதிரிச் சத்தைக் கொண்டு வரும்தான், ஆனா அதை மழைத்தண்ணிக் கணக்குல சேக்கக் கூடாது.

கேள்வி (கல்முனை ஏ.எல். மாணவர் ஒருவர்): கிணத்துத் தண்ணியில நைட்ரேட்டை அளந்து, ஊறுற அளவால பெருக்கினா வாவிக்குப் போற சத்து வந்திடுமா?

பதில்: பெருக்கிறது சரி தம்பி, கிணத்தைப் பிடிச்சதுதான் பிழை. கக்கூஸ் குழியில இருந்தும் தோட்டத்து யூரியாவுல இருந்தும் வாற நைதரசன் கிணத்தைத் தாண்டி வாவி ஓரத்துக் கறுத்தச் சேத்துக்குள்ளால வரணும், அங்க ஒட்சிசன் இல்லாததால பக்டீரியா நைட்ரேட்டை நைதரசன் வாயுவா மாத்திப்போடும். பொஸ்பேட் வழியிலேயே மணல்ல இருக்கிற இரும்புல ஒட்டிக்கொள்ளும். அதனால தண்ணியை வெளியேறுற இடத்துலயே, பரலுக்குப் பக்கத்து மணலுக்குள்ள ஒல்லிக் குழாயைக் குத்தி சிரிஞ்சால இழுத்து எடுங்க. எடுத்த உடனே வடிச்சு ஐஸ்ல வைங்க, இல்லாட்டி ஆய்வுகூடத்துக்குப் போறதுக்குள்ளயே கணக்கு மாறிடும்.

ஒரு உதாரணம் சொல்றன், இது அளந்த கணக்கில்லை, கணக்குப் போடுற விதம் விளங்கத்தான். பரலோட பரப்பு கிட்டத்தட்ட கால் சதுர மீற்றர். நாலு மணித்தியாலத்துல பையில அரை லீற்றர் கூடினா ஒரு நாளைக்கு 3 லீற்றர், அதாவது சதுர மீற்றருக்கு 12 லீற்றர். லீற்றருக்கு 5 மில்லிகிராம் நைதரசன் இருந்தா 60 மில்லிகிராம். ஒரு கிலோமீற்றர் கரையில 10 மீற்றர் அகலத்துக்கு எடுத்தா நாளைக்கு 600 கிராம். யூரியாவுல 46 வீதம்தான் நைதரசன், அப்ப இது 1.3 கிலோ யூரியா, நாப்பது நாளைக்குள்ள 50 கிலோ மூட்டை ஒண்டு. யாரும் கொண்டு வந்து கொட்டல்ல, ஆனா வாவிக்குள்ள போயிட்டு.

ரிப்போட்டுல "நைட்ரேட்" எண்டு இருக்கா "நைட்ரேட் நைதரசன்" எண்டு இருக்கா எண்டு கட்டாயம் பாருங்க. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற 50 மில்லிகிராம் நைட்ரேட், நைதரசனாப் பாத்தா 11.3 மட்டும்தான். ரெண்டையும் மாத்திப்போட்டா நாலு மடங்குக்கு மேல பிழைக்கும்.

கேள்வி (ஒலுவில் வாசகர் ஒருவர்): இப்படி ஊறுறதை ரேடன் எண்ட வாயுவை வச்சு அளக்கிறாங்களாமே, அது கதிர்வீச்சு இல்லையா?

பதில்: கதிர்வீச்சுதான், ஆனா அளக்கிறவங்க அதைக் கொண்டு வந்து தண்ணிக்குள்ள போடுறதில்லை. மண்ணிலயும் பாறையிலயும் இருக்கிற யுரேனியத்துல இருந்து அந்த வாயு தானாகவே உண்டாகி நிலத்தடித் தண்ணியில கலக்குது. வாவித் தண்ணிக்கு வந்ததும் காத்தோட போயிடும், மிச்சமும் 3.8 நாளைக்கு ஒருக்கா பாதியாகும். அப்படியிருந்தும் வாவித் தண்ணியில ரேடன் கூடவா காட்டினா, பக்கத்துல இப்பவும் ஊறிக்கொண்டிருக்கு எண்டு அர்த்தம். பரல் ஒரு இடத்தைத்தான் சொல்லும், ரேடன் மீற்றரைத் தோணியில வச்சுக்கொண்டு போனா கரை முழுக்கப் பாக்கலாம். முதல்ல தோணியில போய் எங்க கூட ஊறுது எண்டு கண்டுபிடிச்சு, பரலை அங்க கொண்டுபோய் அமத்துங்க.