வீட்டிலேயே கணக்கு: வெள்ளவத்தை அம்மா ஒருவரின் கேள்வி பதில்

கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டில்தான் படிப்பு. கலியாணத்துக்கு முன் நான் கணக்காளராக வேலை செய்தவள். அதனால் கணக்கு என்று வந்தால் எல்லாரும் என் பக்கம்தான் கையைக் காட்டுகிறார்கள். வீட்டில் படிப்பிக்கிறவர்களும், படிப்பிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குக் கைக்கு வந்த வரிசையில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கணக்குச் செய்விக்கிறீர்கள்? என் மகனுக்கு 8 வயது. (தெஹிவளை)

மணித்தியாலமா? என் மகனுக்கு 25 நிமிடம். மகளுக்கு முக்கால் மணி, சில நாள் ஒரு மணி. காலைச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்துவிடுவோம். பத்து மணிக்குப் பிறகு வெக்கை ஏறும், பக்கத்துக் கட்டடத்தில் டைல் வெட்டத் தொடங்குவார்கள், பிறகு யாருக்கும் தலை ஓடாது. ஒரு பிள்ளைக்கு முன்னால் ஒரு ஆள் இருந்து படிப்பிக்கும்போது 25 நிமிடம் தாராளம். ஞாயிறும் பௌர்ணமிப் போயா நாளும் லீவு.

மகளுக்கு 10 வயது. 1/3 + 1/4 = 2/7 என்றே எழுதுகிறாள். பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) கண்டு கூட்டும் முறையைப் பத்துத் தடவை காட்டிவிட்டேன். அடுத்த நாள் திரும்பவும் 2/7. (கொட்டாஞ்சேனை)

பதினோராம் தடவை காட்டாதீர்கள் தங்கச்சி. முறை அவளுக்குத் தெரியும். அது எதற்கென்றுதான் தெரியாது.

பிழை என்று சொல்லாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "1/3 பெரிதா, 2/7 பெரிதா?" முழிப்பாள். 1/3 என்பதும் 2/6 என்பதும் ஒன்று என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆறாக வெட்டி இரண்டு துண்டு எடுத்தால் கூட வருமா, ஏழாக வெட்டி இரண்டு துண்டு எடுத்தால் கூட வருமா? ஆறாக வெட்டியதுதான். அப்படியென்றால் 2/7 என்பது 1/3 ஐ விடச் சின்னது. "கையில் 1/3 வைத்திருந்தாய். அதோடு 1/4 ஐயும் சேர்த்தாய். இருந்ததும் குறைந்து போச்சே?" இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். என் மகன் இந்தக் கேள்விக்கு நல்ல நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மேலையும் கீழையும் கூட்டக் கூடாது" என்று தானே சொன்னான். நான் சொல்லியிருந்தால் அடுத்த நாள் மறந்திருப்பான்.

பிறகு சதுரக் கொப்பியை எடுங்கள். மூன்று சதுரம் அகலம், நான்கு சதுரம் நீளம், ஒரு செவ்வகம் கீறச் சொல்லுங்கள். மொத்தம் 12 சதுரம். அதில் மூன்றில் ஒன்று எத்தனை சதுரம்? 4. நான்கில் ஒன்று? 3. இரண்டையும் நிறம் தீட்டினால் 7. ஆக 7/12. அடுத்து 1/2 + 1/5 ஐ அவளே கீறட்டும்: இரண்டுக்கு ஐந்து, 10 சதுரம், 5 உம் 2 உம் 7, விடை 7/10. ஒரு கிழமைக்குப் பொ.ம.சி. என்ற பேச்சே வேண்டாம்.

அதற்குப் பிறகு 1/4 + 1/6 ஐக் கொடுங்கள். நாலுக்கு ஆறு, 24 சதுரம் கீறி 10/24 என்பாள். "இவ்வளவு பெரிய பெட்டி தேவையா? இதைவிடச் சின்னப் பெட்டியில் நாலில் ஒன்றும் ஆறில் ஒன்றும் அடங்காதா?" என்று கேளுங்கள். 12 சதுரம் போதும் என்று கண்டுபிடித்தால், 3 உம் 2 உம் 5, 5/12. அந்தச் சின்னப் பெட்டிதான் பொ.ம.சி. இப்போது அவளுக்கு அது தேவைப்படுகிறது, அதனால் தங்கும்.

இதற்கு ஒரு தவணை முழுக்கப் போனாலும் போகட்டும். விகிதம், சதவீதம், அட்சரகணிதம் எல்லாமே பின்னத்தின் மேல்தான் ஏறி நிற்கின்றன. தரம் 9 இல் "சமன்பாடு வராது" என்று என்னிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சமன்பாடு வரும், பின்னம்தான் வராது.

வாய்ப்பாடு பாடமாக்க வேண்டுமா? விளங்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். (பம்பலப்பிட்டி)

பாடமாக்கத்தான் வேண்டும். ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நீள்வகுத்தல் செய்யும்போது தான் எந்தப் படியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

ஆனால் மலைக்கத் தேவையில்லை. பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கங்கள். 3×8 உம் 8×3 உம் ஒன்றென்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் 55 தான். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றின் வாய்ப்பாடுகள் தானாக வரும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 21. அந்த 21 ஐயும் சின்ன மட்டைகளில் எழுதி, ஒரு நாளைக்கு மூன்று நிமிடம். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் 6×7, 7×8, 6×8 மூன்றும் நெடுநாள் ஒட்டியிருந்தன. தண்ணீர் எடுக்கிறவர் விடையைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அப்பாவுக்கும் அதே சட்டம்.

அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்புக்குச் சேர்க்கலாமா?

பிள்ளை விரும்பினால் சேருங்கள். கூட்டல் கழித்தல் வேகம் வரும், இலக்கங்களில் பயம் போகும். அதை முழுக் கணிதம் என்று மட்டும் எண்ண வேண்டாம். "ராஜாவிடம் இருப்பது ராணியிடம் உள்ளதைப் போல மூன்று மடங்கு, இருவரிடமும் 48" என்ற வசனக் கணக்கை மணிச்சட்டம் தீர்த்துத் தராது. அதற்குப் பெட்டி கீறும் முறை நல்லது. ராணிக்கு ஒரு பெட்டி, ராஜாவுக்கு மூன்று, நாலு பெட்டிக்கு 48, ஒரு பெட்டிக்கு 12. 1980களில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு பாடத்திட்டத்தில் புகுத்திய முறை இது. அட்சரகணிதத்துக்கு இதைவிட நல்ல வாசற்படியை நான் காணவில்லை.

நான் சாதாரண தரப் பரீட்சையில் (ஓ.எல்.) கணக்கில் சித்தியடையாதவள். நான் எப்படிப் படிப்பிப்பது? ரியூசனுக்கு அனுப்பவா? (வத்தளை)

உங்களுக்குத்தான் வசதி. பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று உங்களுக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்கள் "இது லேசுதானே" என்று சொல்லிப் பிள்ளையின் முகத்தைச் சுருங்க வைப்பவர்கள்.

செய்ய வேண்டியது ஒன்று: பிள்ளையை ஆசிரியராக்குங்கள். "எனக்கு விளங்கவில்லை, நீ எப்படிச் செய்தாய், சொல்லு" என்று உண்மையாகவே கேளுங்கள். தன் வாயால் படிபடியாகச் சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம். சரியான விடையை எழுதிவிட்டுச் சொல்லத் தெரியாமல் நின்றால் விளங்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கணக்கு வரத் தேவையில்லை.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் எல்லாத் தரங்களுக்கும் இணையத்தில் இலவசம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் இறக்கி வையுங்கள். பிள்ளைக்கு இரண்டு பாடம் முன்னால் நீங்கள் போனால் போதும். ரியூசன் தரம் 8 வரை அவசரமில்லை. நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் யாரும் உங்கள் பிள்ளையிடம் "எப்படிச் செய்தாய்" என்று கேட்கப் போவதில்லை.

வெளிநாட்டு ஓன்லைன் கணித வகுப்புகள் பிரயோசனமா? (கல்கிசை)

மகளுக்கு ஒன்று எடுத்தோம், அவளுக்குப் பிடித்தது. காரணம் ஆசிரியர் மட்டுமல்ல, தன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகளை அங்கே கண்டாள். வீட்டில் நான் எவ்வளவு முயன்றாலும் கொடுக்க முடியாதது அது. வகுப்புக்குக் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள்.

நேரத்தைப் பார்த்துச் சேருங்கள். கோடையில் நியூயோர்க்கில் இரவு 7 மணி வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை 4.30. அங்கே குளிர்காலம் வந்து மணிக்கூட்டை மாற்றினால் 5.30. லண்டன் பின்னேரம் 4 மணி வகுப்பு இங்கே கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. நாங்கள் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். மறை எண்களை என் மகன் இந்த நேரக் கணக்கில்தான் படித்தான், எனக்கு ஒரு பாடம் மிச்சம்.

"அன்றாட வாழ்க்கையே கணிதம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சந்தைக்குக் கூட்டிப் போகிறேன், ஒன்றும் நடக்கவில்லையே? (வெள்ளவத்தை)

நடக்காது. தேங்காய் என்ன விலை என்று நீங்களே கேட்டு, நீங்களே காசு கொடுத்து, மீதியையும் நீங்களே எண்ணினால் பிள்ளைக்கு அது வெறும் வெயில். முடிவு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், பிழைத்தால் பிள்ளைக்கு நட்டம் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓட்டோக் கணக்கு நல்லாய் எடுபட்டது. மீற்றர் ஓட்டோ முதல் கிலோமீற்றருக்கு 120 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 100 என்று வைத்துக்கொள்வோம். x கிலோமீற்றருக்கு 120 + 100(x − 1), சுருக்கினால் 100x + 20. "அந்த 20 எங்கேயிருந்து வந்தது?" என்று மகளிடம் கேட்டேன். முதல் கிலோமீற்றருக்கு மட்டும் அறவிடும் மேலதிகம் என்று சொல்ல அவளுக்கு நேரம் எடுத்தது. வீதியோரத்தில் நிற்கும் இன்னொருவர் மீற்றர் இல்லாமல் 500 கேட்கிறார். எவ்வளவு தூரத்துக்கு மேல் அவர் லாபம்? 100x + 20 = 500, x = 4.8. காலி வீதியில் எங்கள் வாசலிலிருந்து 4.8 கிலோமீற்றர் எதுவரை என்று போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். அன்றைய ஓட்டோவை அவளே தெரிந்தெடுத்தாள். மிச்சக் காசுக்கு ஐஸ்கிறீம். வெட்டும் கோடுகளின் வரைபு மறுநாள் கொப்பியில் ஏறியது.

மகனுக்குப் போயா. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி 29.5 நாள். கலண்டரை மூடி வைத்துவிட்டு, இந்த மாதப் போயாவை மட்டும் சொல்லி, மிச்சத்தைக் கணிக்கச் சொன்னேன். ஒரு மாதம் 29, அடுத்த மாதம் 30 என்று மாற்றி மாற்றிக் கூட்டினான். ஒரு நாள் முன்பின் வந்தாலும் அநேகமாகச் சரி. பன்னிரண்டு சுற்றுக்கு 354 நாள், வருடத்துக்கு 365. அந்த 11 நாள் எங்கே போகும்? அது சேர்ந்து சேர்ந்துதான் சில வருடங்களில் பதின்மூன்றாவதாய் ஒரு அதி போயா வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னொரு லீவு, இவனுக்கு ஒரு மீதிக் கணக்கு.

மின்சாரப் பட்டியலையும் விடாதீர்கள். அலகுகள் படிபடியாக ஏறும்போது கட்டண வீதமும் மாறுவது 13 வயதுக்குச் சரியான பாடம்.

பரீட்சை? பள்ளிக்கூடம் போகாமல் சாதாரண தரம் எழுதலாமா?

எழுதலாம். பரீட்சைத் திணைக்களம் தனிப்பட்ட பரீட்சார்த்திகளின் விண்ணப்பங்களை ஏற்கிறது. தமிழ் மொழிமூலம், செலவு குறைவு, பாடநூல் இலவசம். ஆனால் ஒன்பது பாடம், அதில் சமயமும் வரலாறும் கட்டாயம். கணக்கில் மடக்கை அட்டவணை பார்க்கவும் பழக வேண்டும்.

மற்ற வழி லண்டன் ஓ.எல். என்று நாங்கள் சொல்லும் பிரித்தானியப் பரீட்சைகள், கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்ஸல். பிரிட்டிஷ் கவுன்சில் மூலம் தனியாகப் பதியலாம், வேண்டிய பாடங்களை மட்டும் எடுக்கலாம். கட்டணம் கையைக் கடிக்கும், ரூபா விழுந்தால் இன்னும் கடிக்கும். எடெக்ஸலின் "கணிதம் A" பாடத்தில் இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றும் 2 மணித்தியாலம், 100 புள்ளி, இரண்டுக்கும் கல்குலேற்றர் கொண்டு போகலாம். கேம்பிரிட்ஜில் 2025 இலிருந்து ஒரு தாளைக் கல்குலேற்றர் இல்லாமல்தான் எழுத வேண்டும். பழைய வினாத்தாள்களை மட்டும் பார்த்துப் படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். நாங்கள் எடெக்ஸல் பக்கம் சாய்ந்திருக்கிறோம். ஆனால் கல்குலேற்றரை இன்னும் அலுமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. முன்பு 14 வரை இருந்ததை 2016 இல் உயர்த்தினார்கள். உங்கள் நிலைமையை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். பிள்ளையின் கொப்பிகள், பாடத்திட்டம், நாட்குறிப்பு எல்லாவற்றையும் திகதி போட்டு வையுங்கள். யாராவது கேட்டால் வாயால் விளக்குவதைவிடக் கொப்பிக் கட்டைத் தூக்கி வைப்பது சுகம்.

மாமி "பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்குதுகள்" என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்கிறா. என்ன செய்வது?

மாமியையே வாய்ப்பாடு கேட்கும் பொறுப்பில் போடுங்கள். எங்கள் மாமியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தா. இப்போது பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகக் கேட்கிறா, பிழைத்தால் பேரனுக்குக் குட்டும் விழுகிறது. வெள்ளிக்கிழமைகளில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், பின்னேரம் மரைன் டிரைவில் சைக்கிள், ஒழுங்கைப் பிள்ளைகளோடு கிரிக்கெட். சும்மா இருக்க இவர்களுக்கு நேரம் ஏது?

கணக்குக் கொப்பியைக் கண்டாலே மகன் அழுகிறான். 7 வயது.

கொப்பியை ஒரு மாதத்துக்கு மூடுங்கள். தாயம், கரம், சீட்டு விளையாடுங்கள், புள்ளியை அவன் எழுதட்டும். பிறகு தொடங்கும்போது அவன் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, அதற்கு இரண்டு படி கீழே இருந்து தொடங்குங்கள். அழுகை பெரும்பாலும் சோம்பேறித்தனம் அல்ல. விடுபட்ட ஒரு படி எங்கோ இருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான். முதல் கிழமை எல்லாமே அவனால் முடிகிற கணக்குகளாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, ஐந்தும் சரி என்றால் பாடம் முடிந்தது. இன்னும் ஐந்து தரட்டுமா என்று கேட்காதீர்கள்.

இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஒரே நேரத்தில் இல்லை. மகனோடு நான் இருக்கும்போது மகள் முதல் நாள் செய்த கணக்குகளுக்கு விடை சரிபார்ப்பாள். மகளோடு இருக்கும்போது மகன் பல்கனிப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். கீழ்வீட்டுக்காரரின் துணியில் தண்ணீர் சொட்டி அவர் கூப்பிட்டால் அன்றைய மகளின் பாடம் பாதியில் நிற்கும், மறுநாள் அங்கிருந்தே தொடங்குவோம்.